அரை மணி நேரத்தில் முடியும் கேம்: எளிமைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

முழு விலை கொடுத்து வாங்கிய கேம் ஒரே மாலையில் முடிந்துவிட்டால் இரண்டு விதமான பேச்சு எழும். 'இவ்வளவு ஈஸியா?' என்பார்கள் சிலர். 'இவ்வளவுதானா?' என்பார்கள் வேறு சிலர். இரண்டும் ஒரே புகார் போலக் கேட்டாலும் அப்படி இல்லை. அரை மணி நேரமே ஓடக்கூடிய கேம் வாரக்கணக்கில் தண்ணி காட்டும். 40 மணி நேரம் ஓடும் கேமை ஒரு இடத்தில்கூடத் தோற்காமல் முடித்துவிடவும் முடியும்.

'எளிது' என்று சொல்லும்போது நாலு தனித்தனி விஷயங்கள் கலந்துவிடுகின்றன:

1. நீளம் குறைவு. 2012-இல் வந்த ஜர்னி கேமை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம்.
2. எதிரிகளுக்கு வலு இல்லை, அல்லது நம் கதாபாத்திரத்துக்கு வலு அதிகம்.
3. தோற்றால் இழப்பு குறைவு. செத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி நிற்கலாம்.
4. முடிவுக்கு நேராகப் போகும் குறுக்கு வழி இருக்கிறது.

விமர்சனங்கள் முதல் இரண்டைப் பற்றியே பேசுகின்றன. ஒருவர் ஒரு கேமை முடிப்பாரா, பாதியில் விடுவாரா என்பதை அதிகம் தீர்மானிப்பது மூன்றாவதுதான்.

## செத்தால் எங்கிருந்து?

8 ஸ்டேஜ் உள்ள ஒரு கேம். ஒவ்வொரு ஸ்டேஜும் 3 நிமிடம். விளையாடுபவர் எந்த ஸ்டேஜையும் 10 முறை முயன்றால் 7 முறை தாண்டிவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். எதிரி, பள்ளம், பாஸ் (ஸ்டேஜ் முடிவில் நிற்கும் பெரிய எதிரி) எதிலும் கை வைக்காமல் ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

செத்தால் அதே ஸ்டேஜின் தொடக்கம் என்பது விதியானால், 8-ஐ 0.7-ஆல் வகுத்தால் போதும்: சராசரியாக 11 முயற்சிகள், ஏறக்குறைய 35 நிமிடம்.

செத்தால் முதல் ஸ்டேஜுக்கே போக வேண்டும் என்றால் கதையே வேறு. எட்டையும் ஒரே மூச்சில் தாண்டும் வாய்ப்பு 6 சதவீதத்துக்கும் குறைவு. ஸ்டேஜ் முயற்சிகளின் சராசரி 54-ஐத் தாண்டும். நேரம் இரண்டே முக்கால் மணி. பரமபதத்தில் கடைசிக் கட்டத்துக்கு முந்தைய பாம்பு கடித்து அடியில் இறங்குவது போல, ஏழு ஸ்டேஜ் தாண்டிய உழைப்பு ஒரே தவறில் போய்விடுகிறது.

இதே கணக்கை வேறு திறமை உள்ளவர்களுக்கும் போட்டால்:

1. 90 சதவீதம் வெற்றி பெறும் கைதேர்ந்தவர்: முதல் விதியில் 9 முயற்சிகள், இரண்டாவதில் 13.
2. 70 சதவீதம் வெற்றி பெறும் நடுத்தர ஆள்: 11 முயற்சிகள், 54 முயற்சிகள்.
3. 50 சதவீதம் மட்டுமே வெற்றி பெறும் புதியவர்: 16 முயற்சிகள், 510 முயற்சிகள். முக்கால் மணி நேரம் எங்கே, 25 மணி நேரம் எங்கே!

(தோற்ற முயற்சிக்கும் முழு 3 நிமிடம் ஆகும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. பாதியில் செத்தால் நேரம் குறையும். விளையாட விளையாடக் கை பழகுவதையும் சேர்க்கவில்லை. ஆனாலும் இரண்டு விதிகளுக்கும் நடுவே உள்ள பெரிய இடைவெளி அப்படியேதான் இருக்கும்.)

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். கைதேர்ந்தவருக்கு விதி மாறியதே பெரிதாகத் தெரியாது. புதியவருக்கோ அது 30 மடங்குக்கும் மேல். கேமை உருவாக்குபவர்கள் அதே கேமைப் பல மாதம் விளையாடிப் பழகியவர்கள், ஆகவே அவர்கள் முதல் வரியில் இருப்பவர்கள். தாங்கள் செய்தது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்கே உறைக்காமல் போவது இதனால்தான்.

2018-இல் வந்த செலஸ்ட் இதற்கு மறுகோடி. ஒவ்வொரு திரையும் ஊசி முனையில் நடப்பது போலத்தான். ஆனால் செத்தால் அதே திரையின் தொடக்கத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபடி நிற்கலாம். ஆயிரம் முறை செத்தவர்கள்கூட அதை முடிக்கிறார்கள். லைஃப் எண்ணும் கேமாக அது இருந்திருந்தால் அவர்களில் பாதிப்பேர் இரண்டாவது அத்தியாயத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

## பழைய கேம்கள் வேண்டுமென்றே கடினமானவை

ஆர்கேட் இயந்திரம் காசு விழுந்தால்தான் ஓடும். ஒரே காசில் ஒருவர் ஒரு மணி நேரம் நின்றால் கடைக்காரருக்கு நஷ்டம். ஆகவே மூன்று லைஃப், அது போனால் அடுத்த காசு. வீட்டுக்கு வந்த கேம்களுக்குக் காசுத் தொல்லை இல்லை, ஆனால் இடம் இல்லை. 1985-இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். இன்று வாட்ஸப்பில் அனுப்பும் ஒரு போட்டோ அதைவிடப் பெரிது. அவ்வளவு சின்ன இடத்தில் அடைத்த கேமை மாதக்கணக்கில் ஓட்ட வேண்டுமானால், ஆட்டக்காரரைத் திரும்பத் திரும்ப ஆரம்பத்துக்கு அனுப்புவதுதான் மலிவான வழி.

மூன்றாவது காரணம் வாடகைக் கடை. அமெரிக்காவில் கேசட்டை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து முடித்துவிட்டால் யார் வாங்குவார்கள்? அதனால் ஜப்பானில் வந்த கேம்கள் சில அமெரிக்கா போகும்போது இன்னும் இறுக்கப்பட்டன. 1994-இன் கான்ட்ரா: ஹார்ட் கோர் கேமின் ஜப்பானியப் பதிப்பில் ஒரு லைஃபுக்கு மூன்று அடி தாங்கலாம், எல்லா லைஃபும் போன பிறகு தொடரவிடும் கண்டினியூவுக்குக் கணக்கே கிடையாது. அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடியில் சாவு, கண்டினியூவும் எண்ணித்தான். ஒரே கேமை ஒருவர் ஈஸி என்றும் இன்னொருவர் கொடுமை என்றும் சொன்னால், முதலில் எந்த ஊர்ப் பதிப்பு என்று கேட்க வேண்டும்.

முதல் கான்ட்ராவுக்கு வருவோம். 8 ஸ்டேஜ், 3 லைஃப், ஒரு குண்டு பட்டால் சாவு. தலைப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தி ஸ்டார்ட் கொடுத்தால் 3 லைஃப் 30 ஆகிவிடும். கொனாமி நிறுவனத்தின் கஸுஹிஸா ஹஷிமோட்டோ, 1986-இல் கிரேடியஸ் கேமை வீட்டு இயந்திரத்துக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்கத் தனக்கே அது கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்ட குறுக்கு வழி அது. பிறகு கான்ட்ராவிலும் ஏறியது. 30-ஐ 8-ஆல் வகுத்தால் ஸ்டேஜுக்கு மூன்று நாலு சாவுகளைத் தாங்கலாம். எதிரிகளில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, சாவின் விலைதான் பத்தில் ஒன்றானது.

தமிழ்நாட்டு வீடுகளில் டிவி கேம் என்ற பெயரில் ஓடியவை பெரும்பாலும் நின்டென்டோ இயந்திரத்தின் நகல்கள். கூட வரும் கேசட்டில் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக எழுதியிருக்கும். உள்ளே இருப்பவை சிலதான். அதே கேமை வெவ்வேறு லெவலில் தொடங்கும்படி மாற்றி, வெவ்வேறு பெயரில் பட்டியலை நீட்டியிருப்பார்கள். 'சின்ன வயசில் அந்த கேமை அசால்ட்டா முடிச்சேன்' என்ற நினைவுகளில் சிலவற்றுக்கு இந்தப் பட்டியல்தான் பொறுப்பு.

## கெர்பி: புதியவருக்காகவே செய்த கேம்

இந்தச் சூழலில் 1992-இல் நின்டென்டோவின் கையடக்க இயந்திரமான கேம்பாய்க்கு வந்த கெர்பிஸ் டிரீம் லேண்ட் தனித்துத் தெரிகிறது. ஹால் லேபரட்டரியில் மசாஹிரோ சகுராய் இதைப் புதியவர்களுக்கான கேமாகவே திட்டமிட்டார். மொத்தம் 5 ஸ்டேஜ். பழகியவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார், முதல்முறை விளையாடுபவருக்கு ஒரு மணி நேரம் போதும். அதன் எளிமை எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்:

1. நாம் ஆட்டுவிக்கும் கதாபாத்திரமான கெர்பி காற்றை உள்ளிழுத்து உப்பிப் பறக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பறக்கலாம். மாரியோவைக் கொன்றதில் பாதி பள்ளங்கள்தான். இங்கே பள்ளம் ஒரு பொருட்டே இல்லை, பல இடங்களில் எதிரிகளையும் தலைக்கு மேலாகவே கடந்துவிடலாம்.
2. ஒரு லைஃபுக்கு 6 அடி தாங்கும். வழியில் கிடைக்கும் மேக்சிம் தக்காளி ஆறையும் நிரப்பிவிடும்.
3. பாஸை அடிக்கத் தேவையான குண்டை பாஸே தருகிறது. முதல் பாஸான விஸ்பி வுட்ஸ் ஒரு மரம். அது ஆப்பிளை உதிர்க்கும். விழுந்த ஆப்பிளை உறிஞ்சி அதன் முகத்திலேயே துப்ப வேண்டும். ஓரமாக நின்று ஆப்பிள் விழும்வரை காத்திருந்தால் போதும். மேலிருந்து நேரே விழும் ஆப்பிளின் அடியில் போய் நிற்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.
4. கண்டினியூ கொடுத்தால் முதல் ஸ்டேஜுக்கு அனுப்பாது.

இதற்குள் இன்னொரு கேமும் இருக்கிறது. தலைப்புத் திரையில் மேல், ஏ, செலக்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எக்ஸ்ட்ரா கேம் திறக்கும். எதிரிகள் வேகமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறிவிடுவார்கள். கேமை முடித்தவருக்கு இந்தக் குறியீட்டைக் கேமே காட்டிக்கொடுக்கும். புதியவர் முடிவைப் பார்த்துவிட்டுப் போகலாம், தேறியவர் மறுபடி உள்ளே வரலாம். இன்றைய ஈஸி, நார்மல், ஹார்ட் பட்டியலைவிட இது நாகரிகமான ஏற்பாடு. தொடங்கும் முன்பே 'நீ எவ்வளவு கெட்டிக்காரன்' என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்துவதில்லை.

## குறுக்கு வழிகள்

சூப்பர் மாரியோ பிரதர்ஸில் 8 உலகம், உலகத்துக்கு 4 லெவல், ஆக 32. ஆனால் 8 லெவல் மட்டும் விளையாடி முடிக்கலாம்:

1. 1-1 முடித்து 1-2 சுரங்கத்துக்குள் போகவும். கடைசியில் மேலே போகும் லிஃப்டில் ஏறி, கூரைச் செங்கலின் மேல் குதித்து, வெளியேறும் குழாயைத் தாண்டி வலப்பக்கம் ஓடவும். அங்கே 4, 3, 2 என்று எண் போட்ட மூன்று குழாய். 4-க்குள் இறங்கவும்.
2. 4-1 முடித்து 4-2. தொடக்கத்தில் லிஃப்டுகளைத் தாண்டியதும் செங்கல்கள் தனியாகத் தொங்கும் இடம் வரும். அங்கே கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் இருக்கின்றன. குதித்து முட்டி அவற்றை வெளியே கொண்டுவந்து படியாக்கி, மேலே உள்ள செங்கல்லை முட்டினால் கொடி வளரும். ஏறிப் போனால் 8, 7, 6 குழாய்கள்.
3. 8-க்குள் இறங்கி 8-1 முதல் 8-4 வரை முடிக்கவும்.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. 4-2-இன் கடைசியிலும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, அது 5-ஆம் உலகத்தோடு நிறுத்திவிடும். 1-2-இல் சுவருக்குள் ஊடுருவும் பிழையைப் பயன்படுத்தினால் போகும் 'உலகம் -1' முடிவே இல்லாத தண்ணீர் லெவல், அதிலிருந்து வெளியேற வழி கிடையாது. 8-4 ஒரு புதிர்க்கோட்டை, தவறான குழாய்க்குள் போனால் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். எட்டாம் உலகத்தில் எல்லா லைஃபும் போய்விட்டால் பயப்பட வேண்டாம். தலைப்புத் திரையில் ஏ பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் கொடுத்தால் 8-1-இலிருந்து தொடரலாம். இந்த ஒரு விஷயம் தெரியாமல் கேமைக் கைவிட்டவர்கள் ஏராளம்.

குறுக்கு வழி என்றாலே எளிது என்று நினைத்துவிடக் கூடாது. 2017-இல் வந்த செல்டா: பிரெத் ஆஃப் த வைல்டில் ஆரம்பப் பீடபூமியின் நாலு கோயில்களை முடித்துப் பாராகிளைடர் வாங்கியதும் கடைசிச் சண்டை நடக்கும் கோட்டைக்கு நேராகப் போகலாம். தடுப்பார் இல்லை. ஆனால் நாலு தெய்வ விலங்குகளையும் விடுவிக்காமல் போனால், அவற்றைப் பிடித்து வைத்திருந்த நாலு பூதங்களையும் வரிசையாக அங்கேயே அடிக்க வேண்டும். அதன் பிறகுதான் கடைசி வில்லன் கேனன். விடுவித்துவிட்டுப் போனால் கேனனின் உயிரில் பாதி சண்டை தொடங்கும்போதே காலி. பாதை சுருங்கினால் கடினம் கூடும்படி தராசு வைத்திருக்கிறார்கள்.

2014-இன் ஃபார் க்ரை 4 அந்தத் தராசையே தூக்கிப் போட்டது. ஆரம்பத்திலேயே வில்லன் பேகன் மின் உங்களைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, இங்கேயே இரு, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். எல்லோரும் எழுந்து தப்பி ஓடுவார்கள், கேம் தொடங்கும். எழுந்திருக்காமல் ஏறக்குறைய கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அவர் திரும்பி வந்து, கதாநாயகன் தன் அம்மாவின் அஸ்தியை வைக்க வேண்டிய இடத்துக்கு அழைத்துப் போவார். கதை முடிந்து பெயர்கள் ஓடும்.

## கண்ணுக்குத் தெரியாத கைத்தாங்கல்

இன்றைய கேம்கள் சொல்லாமலே உதவுகின்றன. குதிக்கும் கேம்களில் விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குக் குதிக்கும் பட்டன் வேலை செய்யும். டெவலப்பர்கள் இதைக் கயோட்டி டைம் என்பார்கள். செலஸ்டில் இது 0.1 நொடி, விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் 6 ஃபிரேம். இதை எடுத்துவிட்டால் 'பட்டன் அழுத்தினேனே!' என்ற கூச்சல்தான் மிஞ்சும்.

2005-இன் ரெசிடென்ட் ஈவில் 4, சாதாரண நிலையில் நீங்கள் ஆடும் விதத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அடிக்கடி செத்தால் எதிரிகளின் மூர்க்கம் குறையும், சில இடங்களில் ஆட்களே குறைவாக வருவார்கள். நன்றாக ஆடினால் இறுகும். புரொஃபஷனல் நிலையில் இந்தச் சலுகை இல்லை. ஆகவே 'எனக்கு அந்தக் கிராமம் ஈஸியாகத்தான் இருந்தது' என்று இரண்டு பேர் சொன்னால், இருவரும் ஒரே கிராமத்தை விளையாடியிருக்க வேண்டும் என்பதில்லை.

நின்டென்டோ இதை வெளிப்படையாகவே செய்கிறது. 2009-இன் நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீயில் ஒரே லெவலில் 8 முறை செத்தால் பச்சைப் பெட்டி ஒன்று தோன்றும். முட்டினால் லூயிஜி வந்து லெவலைத் தானே ஆடிக் காட்டுவார். வேண்டாதவர் அதைத் தொடாமல் போகலாம்.

கதாபாத்திரங்களைப் புள்ளி சேர்த்து வளர்க்கும் ரோல்பிளேயிங் கேம்களில் எளிமை கணக்குப் புத்தகத்தில் ஒளிந்திருக்கும். 2013-இன் போக்கிமான் எக்ஸ், ஒய் தெளிவான உதாரணம். முந்தைய பதிப்புகளில் ஒரு சண்டையின் அனுபவப் புள்ளிகளைச் சண்டையிட்டவை தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். எக்ஸ்பி ஷேர் என்பது ஒரு போக்கிமான் மட்டும் பிடித்துக்கொள்ளும் பொருள். புதிய பதிப்பில் அதை இயக்கிவிட்டால் சண்டையிட்டதற்கு முழுப் புள்ளி, சும்மா நின்ற ஐந்துக்கும் ஆளுக்குப் பாதி. ஒன்று மட்டும் சண்டையிட்டால் 1 + 2.5, அணிக்கு மொத்தம் மூன்றரை மடங்கு. போதாக்குறைக்கு, எதிரியைவிட லெவல் உயர்ந்துவிட்டால் புள்ளியைக் குறைக்கும் பிளாக், ஒயிட் பதிப்புகளின் விதியையும் இதில் எடுத்துவிட்டார்கள். விளைவு: வழியில் வெல்ல வேண்டிய ஜிம் தலைவர்களிடம் போய்ச் சேரும்போது உங்கள் அணி அவர்களைவிட எப்போதும் ஒரு படி மேலே. கடினமாக வேண்டுமென்றால் எக்ஸ்பி ஷேரை அணைத்துவிடுங்கள். பிறகு 2019-இல் வந்த ஸ்வோர்டு, ஷீல்டில் அணைக்கும் வசதியே இல்லை.

## விலை பூஜ்யமானால்

தோல்வியின் விலையைக் குறைப்பது நல்லது என்பதால் பூஜ்யமாக்குவதும் நல்லது என்றாகாது. 2007-இன் பயோஷாக்கில் செத்தால் வீட்டா சேம்பர் என்ற கூண்டில் உயிரோடு வருவீர்கள். நீங்கள் எதிரிக்குக் கொடுத்த அடியெல்லாம் அப்படியே இருக்கும். ஆகவே பிக் டாடி போன்ற ராட்சதனைக்கூடக் குறடை மட்டும் வைத்துக்கொண்டு, செத்துச் செத்துப் பிழைத்து அடித்தே சாய்க்கலாம். தோட்டா வகை, பொறி, திட்டம் என்று கேம் கற்றுக்கொடுத்த அத்தனையும் அப்போது வீண். பிறகு வந்த பேட்ச் என்ற திருத்தத்தில் அந்தக் கூண்டுகளை அணைக்கும் வசதியைச் சேர்த்தார்கள்.

2008-இன் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவும் இதே திட்டு வாங்கியது, அது கொஞ்சம் அநியாயம். அதில் பள்ளத்தில் விழுந்தால் கூடவே வரும் எலிகா கையைப் பிடித்துக் கடைசியாக நின்ற இடத்தில் விடுவாள். சாவே இல்லாத கேம் என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் அது வேகமான செக்பாயிண்ட், அவ்வளவுதான். சண்டையில் அவள் காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் எதிரியின் உயிர் கொஞ்சம் ஏறிவிடும், ஆகவே அங்கே விலை உண்டு.

சின்ன கேமுக்கு இன்னொரு ஆபத்து கடையில் இருக்கிறது. கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஓடாத கேமுக்கும் பிடிக்காத கேமுக்கும் நல்ல விதி. ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கேமுக்கு? முழுதும் ஆடி, பாராட்டி எழுதி, பணத்தையும் திரும்ப வாங்கிவிட முடியும். சம்மர் ஆஃப் 58 என்ற திகில் கேமைச் செய்த எமிகா கேம்ஸ், இப்படித் திரும்பக் கேட்டவர்கள் அதிகம் என்று சொல்லி 2021 ஆகஸ்டில் கேம் உருவாக்கத்திலிருந்தே காலவரையின்றி விலகுவதாக அறிவித்தது. இந்த விதியை மனதில் வைத்துப் பிறர் என்ன செய்வார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை: தேவையில்லாத நடை, அதே அறைக்குள் மறுபடி சாவி தேடல். அப்படி இழுத்த மூன்று மணி நேரத்தைவிடக் கச்சிதமான ஒன்றரை மணி நேரம் மேல்.

## வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. நேரம். ஹவ் லாங் டு பீட் தளத்தில் மெயின் ஸ்டோரி, கம்ப்ளீஷனிஸ்ட் என்று தனித்தனி எண்கள் இருக்கும். கதையை மட்டும் முடிக்கப் போகிறீர்கள் என்றால் முதல் எண்ணைப் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், முடித்த பிறகும் கேமில் சரக்கு இருக்கிறது என்று பொருள்.
2. எத்தனை பேர் முடித்தார்கள். ஸ்டீமில் கேமின் உலகளாவிய அச்சீவ்மென்ட் (ஆட்டத்தில் தாண்டும் கட்டங்களுக்குக் கிடைக்கும் பதக்கம்) பட்டியலைத் திறந்து, முதல் அத்தியாயத்தின் சதவீதத்தையும் கடைசி அத்தியாயத்தின் சதவீதத்தையும் ஒப்பிடுங்கள். படிப்படியாகச் சரிந்தால் நீளமே காரணமாக இருக்கலாம். ஒரே இடத்தில் சடாரென்று விழுந்தால் அங்கே ஒரு முரட்டு பாஸ் நிற்கிறது.
3. மொத்த அச்சீவ்மென்ட் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த அவதார்: த பர்னிங் எர்த் கேமில் ஆரம்பத்திலேயே ஓரமாக நின்று அடுத்தடுத்து 50 அடி அடித்தால் அச்சீவ்மென்ட்டுக்கான மொத்த 1000 புள்ளியும் கைக்கு வந்துவிடும். கதை அப்போதுதான் தொடங்கியிருக்கும்.
4. சேவ் எப்படி? எப்போது வேண்டுமானாலும் சேவ் செய்யலாமா, குறிப்பிட்ட இடத்தில் மட்டுமா, அத்தியாய முடிவில் மட்டுமா? விமர்சனத்தில் இதைச் சொல்லவில்லை என்றால், யாராவது விளையாடும் வீடியோவில் அவர் செத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கிய இடம்வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். ஈஸி, ஹார்ட் என்ற பெயர்களைவிட அந்த எண் அதிகம் சொல்லும்.
5. அசிஸ்ட் வசதிகள். செலஸ்டில் கேமின் வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம், சாகாமல் இருக்கும்படியும் செய்யலாம். பயோனெட்டாவில் ஒரே பட்டனை அழுத்தி ஆடும் தானியங்கி நிலை இருக்கிறது. இவற்றை நடுவில் மாற்ற முடியுமா, தொடக்கத்தில் மட்டும்தானா என்பதையும் செட்டிங்ஸ் வீடியோ ஒன்றில் பார்த்துவிடுங்கள். பாதி தூரம் போன பிறகு மாற்ற வேண்டுமானால் முதலிலிருந்து ஆடச் சொல்லும் கேம்களும் உண்டு.